இருவருக்கும் ஓட்டத் தெரிந்த வீடு: ஓய்வுக்குப் பிறகு ஆர்.வி.யில் அமெரிக்கா

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், படுக்கையும் சமையலறையும் கழிப்பறையும் கொண்ட ஆர்.வி. வண்டியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவைச் சுற்ற வேண்டும் என்று ஆசைப்படும் நண்பர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "எந்த வண்டி வாங்கலாம்?" என்றுதான். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் என்பதே எங்கள் பதில். நானும் என் கணவரும் ஓஹையோ மாநிலத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர்கள். மூன்று கோடைகளில் வாடகை வண்டியில் போய்வந்த பிறகே சொந்தமாக ஒன்று வாங்கினோம். அந்த மூன்று பயணங்களும் இல்லையென்றால், எங்களுக்குப் பொருந்தாத வண்டியைப் பெரும் பணம் கொடுத்து வாங்கியிருப்போம்.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

ஓட்டிச் செல்லும் ஆர்.வி.க்கள் மூன்று வகை. கிளாஸ் ஏ என்பது பஸ் போன்றது. கிளாஸ் பி என்பது வேன். கிளாஸ் சி, லாரி முகப்பும் ஓட்டுநர் தலைக்கு மேலே நீட்டிய படுக்கையும் கொண்டது. இவை தவிர, பிக்அப் டிரக்கில் பூட்டி இழுத்துச் செல்லும் டிரெய்லர்கள் உண்டு. டிரெய்லரில் ஒரு பெரிய வசதி: முகாமில் அதைக் கழற்றி வைத்துவிட்டு டிரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றலாம். ஆனால் டிரெய்லரைப் பின்னால் நகர்த்துவது தனிக் கலை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் பின்புறம் இடப்பக்கம் போகும். இளம் வயதிலிருந்தே பழகியவர்களுக்கு அது கைவரும். அறுபதுக்கு மேல் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 24 அல்லது 25 அடி நீளமுள்ள கிளாஸ் சி போதும் என்பது என் முடிவு. பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண ஓட்டுநர் உரிமமே இதற்குப் போதும்.

நீளம் குறைவாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. தேசியப் பூங்காக்களின் பழைய முகாமிடங்கள் இன்றைய 40 அடி வண்டிகளுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. சில சாலைகளிலும் கட்டுப்பாடு இருக்கிறது. மொன்டானாவின் கிளேஷியர் பூங்காவில் 'கோயிங் டு த சன்' மலைச்சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லை. எங்கள் 25 அடி வண்டியும் அங்கே போக முடியாது என்பதால், அதை முகாமில் நிறுத்திவிட்டுப் பூங்காவின் பஸ்ஸில் போனோம்.

வாடகைக்கு எடுக்கும்போது ஒரு இரவுக்கு எவ்வளவு என்பதை மட்டும் பார்க்காதீர்கள். பல நிறுவனங்கள் மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் ஓடும் மணிக்கு இவ்வளவு என்று தனியே கட்டணம் போடுகின்றன. கிளாஸ் சி ஒரு கேலனுக்கு எட்டு முதல் பன்னிரண்டு மைல்தான் ஓடும். ஆயிரம் மைலுக்கு நூறு கேலன் என்று வைத்துக் கணக்குப் போட்டால் பெரிதாக ஏமாற மாட்டீர்கள்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் இரண்டு இடங்களைக் கையால் தொட்டுப் பாருங்கள். முதலாவது, மேல்படுக்கைக்கு மேலுள்ள கூரை மூலைகள். அழுத்தினால் சுவர் மெத்தென்று உள்ளே போனால் மழைநீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்த வண்டியை விட்டுவிடுங்கள். இரண்டாவது, டயர். அதன் பக்கவாட்டில் 'டாட்' (DOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அதிகம் ஓடாமல் நின்ற வண்டியின் டயர், பார்க்கப் புதிது போல இருந்தாலும் ஆறேழு ஆண்டுகளில் உள்ளுக்குள் இற்றுப் போகும்.

பேட்லேண்ட்ஸில் ஓர் இரவு

இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே இந்தச் சம்பவம்தான். எங்கள் முதல் வாடகைப் பயணம் தெற்கு டகோட்டாவுக்கு. பேட்லேண்ட்ஸ் பூங்காவின் சீடர் பாஸ் முகாமில் தங்கியிருந்தோம். மாலை வெயிலில் அந்த மண்குன்றுகளின் வரிவரியான அடுக்குகள் மஞ்சளாகி, சிவந்து, பிறகு சாம்பல் நிறத்துக்குத் திரும்புவதை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தோம். நள்ளிரவு இரண்டு மணிக்கு என் கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். சிறுநீரகக் கல் என்பது பிறகுதான் தெரிந்தது.

கைபேசியில் சிக்னல் இல்லை. வண்டியை நான் ஒருமுறைகூட ஓட்டியதில்லை. மின்கம்பியை எப்படிக் கழற்றுவது, எதை மூடிவிட்டுக் கிளம்புவது என்று எனக்கு எதுவும் தெரியாது. அதெல்லாம் அவர் வேலை, சமையலும் படுக்கையும் என் வேலை என்று வீட்டில் இருந்த பிரிவினையை அப்படியே வண்டிக்குள் கொண்டு வந்திருந்தோம். பக்கத்து இடத்தில் மினசோட்டாவிலிருந்து வந்த ஒரு முதிய தம்பதி இருந்தார்கள். அவர்கள் கதவைத் தட்டினேன். எழுபதைத் தாண்டிய அந்த அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, தங்கள் டிரக்கில் எங்களை ஏற்றி, இருட்டில் ராபிட் சிட்டி மருத்துவமனை வரை, ஏறத்தாழ 75 மைல், தானே ஓட்டினார். அவருடைய கணவர் எங்கள் வண்டிக்குக் காவல் இருந்தார்.

ஊர் திரும்பியதும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பள்ளிக்கூடத்தின் வெற்று வாகன நிறுத்தத்தில் ஓட்டக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். காலியான பால் கேன்களைத் தூண் போல நிறுத்தி, அவற்றுக்கு நடுவே பின்னால் எடுத்துப் பழகினேன். அவர் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டார். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் வேலையை மாற்றிக்கொள்கிறோம். இன்று ஓட்டுபவர் நாளை சமைப்பார். இன்று குழாய் மாட்டுபவர் நாளை வரைபடம் பார்ப்பார். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையையும் இருவரும் செய்து பழகுங்கள். முகாமில் சேர்ந்தவுடன் உங்கள் இடத்தின் எண்ணையும், அவசரத்துக்கு 911 அழைக்கச் சிக்னல் கிடைக்கும் இடத்தையும், முகாம் பொறுப்பாளர் தங்கும் இடத்தையும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள்.

ஓட்டிப் பழகுதல்

காரோடு ஒப்பிட்டால் மூன்று வேறுபாடுகள் முக்கியம். நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உடல், நீங்கள் திரும்பும் திசைக்கு எதிர்ப்புறமாக வீசும். பெட்ரோல் பங்கில் கம்பத்தை இடிப்பது பெரும்பாலும் இந்த வீச்சினால்தான். மூன்றாவது உயரம். வண்டியின் உயரத்தை, கூரைமேல் இருக்கும் ஏசியையும் சேர்த்து அளந்து, ஸ்டியரிங்குக்கு அருகில் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். கைபேசியின் வழிகாட்டிச் செயலிக்கு உங்கள் வண்டியின் உயரம் தெரியாது. நியூயார்க் நகரைச் சுற்றியுள்ள பழைய பார்க்வே சாலைகளிலும் கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயிலும் பாலங்கள் தாழ்வானவை, அங்கே ஆர்.வி.க்களுக்கு இடமில்லை. ஆர்.வி.க்கென்று உயரமும் நீளமும் கொடுத்து வழி கேட்கும் செயலியைப் பயன்படுத்துங்கள். சமையலுக்கான புரொபேன் வாயுத் தொட்டியோடு போகும் வண்டியைச் சில சுரங்கப் பாதைகளில் விடமாட்டார்கள். பால்டிமோர் துறைமுகத்துக்கு அடியில் செல்லும் சுரங்கங்கள் அப்படிப்பட்டவை. சுற்றுச்சாலையில் போக வேண்டும்.

பின்னால் எடுக்கும்போது ஒருவர் கீழே இறங்கி நின்று வழி காட்டுவது கட்டாயம். வழி காட்டுபவரின் முகம் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரியவில்லையா, உடனே நிறுத்திவிட வேண்டும். கத்திச் சொல்வதை விட்டுவிட்டுக் கைச்சைகைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முகாமில் நடக்கும் கணவன் மனைவி சண்டைகளில் பாதி இந்தப் பத்து நிமிடத்தில்தான் நடக்கிறது, பார்த்திருக்கிறேன்.

ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் வேண்டாம். மாலை மூன்று மணிக்குள் சேர்ந்துவிடுங்கள். ஓரிடத்தில் மூன்று இரவாவது தங்குங்கள். ஆர்.வி. பயணிகள் வழிவழியாகச் சொல்லும் கணக்கு இது. எங்களுக்கு 200 மைலே போதுமாக இருக்கிறது. வயோமிங்கில் ஐ-80 நெடுஞ்சாலையில் காற்று எச்சரிக்கைப் பலகை ஒளிர்ந்தால் அடுத்த ஊரிலேயே தங்கிவிடுங்கள். பக்கவாட்டுக் காற்று இந்த உயரமான பெட்டியைத் தூக்கித் தள்ளிவிடும்.

மின்சாரமும் தண்ணீரும்

முகாமிடத்துக் கம்பத்தில் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் என்று இரு வகை இணைப்பு இருக்கும். சிறிய வண்டிகளுக்கு 30. அது தருவது 3,600 வாட்தான். ஏசி ஓடும்போது மைக்ரோவேவை முடுக்கினால் பிரேக்கர் விழுந்துவிடக்கூடும். ஏசியை நிறுத்து, மைக்ரோவேவை ஓட்டு, பிறகு ஏசியைப் போடு, இதுதான் நடைமுறை. கம்பத்துப் பிரேக்கரை அணைத்துவிட்டுத்தான் கம்பியை மாட்டவும் கழற்றவும் வேண்டும். கம்பத்துக்கும் உங்கள் கம்பிக்கும் இடையில் மின்னழுத்தப் பாதுகாப்புக் கருவி ஒன்றை மாட்டுங்கள். எல்லா முகாமிலும் கம்பி இணைப்புகள் ஒழுங்காக இருப்பதில்லை.

தண்ணீர்க் குழாயை நேரடியாக மாட்டாமல் அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டர் வழியாக மாட்டுங்கள். முகாமின் குழாயில் அழுத்தம் மிகுந்திருந்தால் வண்டிக்குள் இணைப்புகள் பிய்த்துக்கொள்ளும். குடிநீருக்கென்று விற்கும் வெள்ளை அல்லது நீலக் குழாயை அதற்கு மட்டுமே வைத்திருங்கள்.

வண்டியில் மூன்று தொட்டிகள் இருக்கும்: நல்ல தண்ணீர், குளியல் மற்றும் சமையல் தொட்டிக் கழிவுநீர், கழிப்பறைக் கழிவு. மூன்றாவதுதான் எல்லாரையும் பயமுறுத்துகிறது. ஒழுங்காகச் செய்தால் பத்து நிமிட வேலை. கழிப்பறைத் தொட்டியின் வால்வை எப்போதும் மூடியே வையுங்கள். முகாமில் சாக்கடை இணைப்பு இருக்கிறதே என்று திறந்து வைத்தால் நீர் மட்டும் ஓடிவிட்டுக் கெட்டிப்பொருள் அடியில் மலைபோல உறைந்துவிடும். தாராளமாகத் தண்ணீர் விடுங்கள், எளிதில் கரையும் காகிதத்தை மட்டும் போடுங்கள், மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள்.

காலி செய்யும் முறை இது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழிவுக்குழாயின் ஒரு முனையைத் தரையிலுள்ள துளையில் நன்றாக அழுத்தி, மேலே ஒரு கல்லை வையுங்கள். மறுமுனையை வண்டியில் திருகி, ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அதன்பிறகே கழிப்பறை வால்வின் கைப்பிடியை இழுக்க வேண்டும். முதலில் தடதடவென்று ஓசை வரும், பிறகு மெலியும், பிறகு நின்றுவிடும். நின்ற பிறகும் ஒரு நிமிடம் காத்திருந்து மூடுங்கள். அடுத்து சமையல் கழிவுநீரின் வால்வைத் திறங்கள். சோப்பு கலந்த அந்த நீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். அதனால்தான் இந்த வரிசையை மாற்றக் கூடாது. கடைசியில் இரண்டு வால்வுகளையும் மூடிவிட்டு, கழிப்பறைத் தொட்டிக்குள் இரண்டு வாளித் தண்ணீர் விடுங்கள். வெறும் தொட்டியாக விட்டால் அடியில் காய்ந்து ஒட்டும்.

எங்கே தங்குவது

62 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் முதலில் வாங்க வேண்டியது சீனியர் பாஸ். வாழ்நாள் முழுவதற்கும் 80 டாலர். வண்டியில் உள்ள அனைவருக்கும் தேசியப் பூங்காக்களின் நுழைவுக் கட்டணம் இல்லை. கூட்டாட்சி அரசின் பல முகாமிடங்களில் தங்கும் கட்டணமும் பாதியாகிறது. பெற்றோரை இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அழைத்து வருபவர்கள், வெளிநாட்டவருக்கான கட்டணத்தைப் பூங்காவின் இணையதளத்தில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் முகாமிடங்கள் பெரும்பாலானவற்றில் மின்சாரமோ குழாய் இணைப்போ கிடையாது. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் மேதர் முகாமில் இணைப்பு இல்லை, பக்கத்திலேயே இருக்கும் டிரெய்லர் வில்லேஜில் உண்டு. யெல்லோஸ்டோனில் முழு இணைப்புகள் கொண்டது ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். கரடிகள் நடமாடும் இடம் என்பதால் அங்கே துணிக் கூடாரத்துக்கும் அனுமதி இல்லை. பூங்காக்களின் முகாமிடங்கள் பலவற்றை ரெக்ரியேஷன்.காவ் (recreation.gov) இணையதளத்தில் ஆறு மாதம் முன்பிருந்தே பதிவு செய்யலாம். கோடைக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். ஓய்வுபெற்ற நமக்கு இன்னொரு வழி இருக்கிறது. செப்டம்பரில் பள்ளிகள் திறந்த பிறகு, ஞாயிறு முதல் வியாழன் வரை போகலாம்.

புதியவர்கள் அதிகம் அறியாதது, ராணுவப் பொறியாளர் படை தன் அணைகளைச் சுற்றி நடத்தும் ஏரிக்கரை முகாமிடங்கள். இடம் விசாலம், பலவற்றில் மின்சாரம் உண்டு, சீனியர் பாஸுக்குப் பாதிக் கட்டணம். எங்களுக்கு மிகவும் பிடித்தவை இவைதான். 1962இல் மொன்டானாவின் பில்லிங்ஸில் தொடங்கிய கே.ஓ.ஏ. போன்ற தனியார் முகாம்களில் துணி துவைக்கும் இயந்திரமும் சுடுநீர்க் குளியலறையும் இருக்கும். வாரம் ஒருமுறை அங்கே தங்கித் துணி துவைத்துக்கொள்கிறோம். விறகை வீட்டிலிருந்து கொண்டு போகாதீர்கள், அங்கேயே வாங்குங்கள். ஆஷ் மரங்களைக் கொல்லும் வண்டுகள் விறகோடு பயணித்துப் பல மாநிலங்களுக்குப் பரவியிருக்கின்றன.

முதல் பயணத்துக்கு ஒரு வழி

கிழக்கில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது நாட்சஸ் டிரேஸ் பார்க்வே. மிசிசிப்பியின் நாட்சஸ் நகரிலிருந்து டென்னசியின் நாஷ்வில் அருகே வரை 444 மைல். லாரிகளுக்கு அனுமதி இல்லை, வேகம் மணிக்கு 50 மைலுக்கு மேல் இல்லை, விளம்பரப் பலகை ஒன்றுகூடக் கண்ணில் படாது. வழியில் மூன்று இலவச முகாமிடங்கள் இருக்கின்றன, ஆனால் இணைப்பு எதுவும் கிடையாது. தொட்டியை நிரப்பிக்கொண்டு போய், இணைப்பு இல்லாமல் இரண்டு இரவு தங்கிப் பழக இதைவிட அமைதியான இடம் எனக்குத் தெரியாது.

அடுத்த கோடையில் தெற்கு டகோட்டா. பேட்லேண்ட்ஸ், கஸ்டர் மாநிலப் பூங்கா, விண்ட் கேவ், 1927 முதல் 1941 வரை செதுக்கிய ரஷ்மோர் மலை, எல்லை தாண்டினால் வயோமிங்கில் டெவில்ஸ் டவர். 1906இல் நாட்டின் முதல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட பாறை அது. எல்லாம் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பதால் பத்து நாளில் நிதானமாகப் பார்க்கலாம். கஸ்டரில் காட்டெருமைக் கூட்டம் சாலையை மறித்து நிற்கும். எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காத்திருங்கள், இறங்காதீர்கள். அங்குள்ள நீடில்ஸ் சாலையில் ஒரு சுரங்கத்தின் அகலம் 8 அடிதான். ஒரு நாளைக்கு ராபிட் சிட்டியில் கார் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்தும் மருத்துவமும்

மூத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான ஒரிஜினல் மெடிகேர் வைத்திருப்பவர்கள், அதை ஏற்கும் எந்த மாநில மருத்துவரிடமும் போகலாம். தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் பல, உங்கள் வட்டாரத்து மருத்துவர்களோடு கட்டுண்டவை. வெளியூரில் அவசரச் சிகிச்சைக்குப் பணம் தருவார்கள், அதன்பின் தொடர்ந்து பார்க்க வேண்டிய வைத்தியத்துக்குத் தருவார்களா என்று பயணத்துக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 90 நாள் மருந்தை ஒன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துப் பட்டியலை இருவர் பையிலும் வையுங்கள்.

சமையல்

அரிசி, பருப்பு, மசாலாப் பொருட்களைப் பெரிய நகரத்தில் வாங்கிவிடுங்கள். டென்வரைத் தாண்டி வடக்கே போனால் புளி கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். சிறிய பிரஷர் குக்கர் கட்டாயம். யெல்லோஸ்டோன் ஏரி ஏறத்தாழ 7,700 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆகும். தாளிக்கும் முன் கூரை விசிறியைப் போட்டு ஜன்னலைத் திறங்கள். கடுகு வெடிப்பதற்குள் புகை எச்சரிக்கை மணி அலறிவிடும். இட்லி மாவை ஓடும் வண்டியில் புளிக்க விடாதீர்கள். குலுங்கிக் குலுங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, அலமாரி முழுவதும் பரவிவிடும். முகாமில் நின்ற பிறகு, மைக்ரோவேவ் பெட்டிக்குள் ஒரு குவளை வெந்நீரோடு மூடி வைத்தால் குளிர் இரவிலும் காலையில் பொங்கியிருக்கும். எண்ணெய்ப் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் தண்ணீரும் மிச்சம், தொட்டியும் நாறாது.

கிளம்பும் காலை

புறப்படும் முன் செய்ய வேண்டியவற்றை ஓர் அட்டையில் எழுதி வைத்திருக்கிறோம். அலமாரிக் கதவுகள், ஃபிரிட்ஜின் தாழ்ப்பாள், கூரை ஜன்னல், ஆன்டெனா, புரொபேன் வால்வு, மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவுக்குழாய், சமன்படுத்தச் சக்கரத்தின் கீழ் வைத்த கட்டைகள், வாசற்படி. ஒருவர் படிப்பார், மற்றவர் அந்தந்த இடத்தைத் தொட்டு "ஆயிற்று" என்பார். பிறகு அட்டையைக் கை மாற்றிக்கொண்டு, ஆளுக்கொரு திசையில் வண்டியை முழுதாக ஒரு சுற்று வருவோம். நடுவில் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குவோம். ஒருமுறை பேச்சுவாக்கில் படியை மடக்க மறந்து கிளம்பினோம். எதிரே நடந்து வந்த ஒரு சிறுவன் கையை ஆட்டிக் கத்தியதால் கம்பத்தில் மோதாமல் தப்பியது. அன்றிலிருந்து அட்டையின் கடைசி வரியாக இருந்த வாசற்படி, முதல் வரியாகவும் இருக்கிறது.